ஒரு வீடு, இரண்டு ரூட்டர்: டோக்கன் கொடுப்பது ஒன்று மட்டும்

பைபர் இன்டர்நெட் இணைப்பு பரவலான பின்னர், பல வீடுகளில் பழைய ரூட்டர் ஒன்று அலமாரியில் சும்மா கிடக்கிறது. அதே வீடுகளில் மாடி அறைக்கோ, பின்பக்கப் படுக்கை அறைக்கோ வை-பை சிக்னல் எட்டுவதில்லை என்ற குறையும் இருக்கிறது. சும்மா கிடக்கும் ரூட்டரை அங்கே கொண்டு வைத்தால் என்ன என்ற எண்ணம் எல்லாருக்கும் வரும். நல்ல எண்ணம்தான். செலவு ஒரு கேபிளுக்கு மட்டுமே.

ஆனால், இரண்டாவது ரூட்டரை வாங்கிய நிலையிலேயே இணைத்துவிட்டால், மாடிக்கு இன்டர்நெட் போவதற்குப் பதிலாக கீழே இருப்பதும் தடுமாறத் தொடங்கும். இதற்குக் காரணம் என்ன, நான்கைந்து செட்டிங்ஸ் மாற்றி இதனை எப்படித் தவிர்க்கலாம் என்று இங்கு பார்க்கலாம்.

ஒரு பெட்டி, நான்கு வேலைகள்

ரூட்டர் என்று நாம் அழைக்கும் பெட்டிக்குள் உண்மையில் நான்கு வேலைகள் நடக்கின்றன.

முதல் வேலை, வீட்டையும் வெளி இன்டர்நெட்டையும் இணைக்கும் வாசலாக இருப்பது. கம்ப்யூட்டரில் 'டிபால்ட் கேட்வே' என்று காட்டப்படுவது இதனைத்தான்.

இரண்டாவது, வீட்டில் உள்ள ஒவ்வொரு போன், கம்ப்யூட்டர், டி.வி.க்கும் ஒரு ஐ.பி. முகவரி கொடுப்பது. இந்த வேலையைச் செய்யும் பகுதிக்கு டி.எச்.சி.பி. சர்வர் என்று பெயர்.

மூன்றாவது, பின்பக்கம் உள்ள லேன் போர்ட்களை ஒன்றோடு ஒன்று இணைக்கும் சுவிட்ச் வேலை.

நான்காவது, வை-பை சிக்னலைப் பரப்புவது. இதனை அக்சஸ் பாயிண்ட் என்பார்கள்.

மாடிக்கு நமக்குத் தேவை மூன்றாவதும் நான்காவதும் மட்டுமே. முதல் இரண்டு வேலைகளையும் கீழே உள்ள ரூட்டர் ஏற்கனவே செய்துகொண்டிருக்கிறது. அவற்றை இரண்டாவது ரூட்டரும் செய்ய முற்படும்போதுதான் சிக்கல் வருகிறது. மருத்துவமனையில் ஒரே டாக்டரைப் பார்க்கக் காத்திருப்பவர்களுக்கு இரண்டு பேர் தனித்தனியாக டோக்கன் கொடுத்தால் என்ன ஆகும்? அதுதான் இங்கும் நடக்கிறது.

இரண்டு ரூட்டர்களுக்கும் ஒரே எண் எப்படி வருகிறது என்று சிலர் கேட்கலாம். நாம் பயன்படுத்தும் ஐ.பி. முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். உலகில் உள்ள எல்லாச் சாதனங்களுக்கும் அது போதாது. எனவே 192.168 எனத் தொடங்கும் எண்கள் உட்பட மூன்று தொகுப்புகளை, வீடுகளும் அலுவலகங்களும் தங்களுக்குள் பயன்படுத்திக்கொள்ளட்டும் என்று 1996ல் வெளியான விதிமுறை ஒதுக்கியது. உங்கள் வீட்டு ரூட்டர் 192.168.1.1 ஆக இருக்கும். பக்கத்து வீட்டு ரூட்டரும் அதே எண்ணாக இருக்கும். வீடுகள் வேறு என்பதால் பிரச்னை இல்லை. அதே எண் உள்ள இரண்டு ரூட்டர்கள் ஒரே வீட்டிற்குள் வந்தால்தான் பிரச்னை.

சிக்னல் உண்டு, இன்டர்நெட் இல்லை

மதுரையில் என் அண்ணன் வீட்டில் இது அப்படியே நடந்தது. கீழே முன் ஹாலில் பைபர் இணைப்பின் ரூட்டர். மாடியில் பின் அறையில் அண்ணன் மகள் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறாள். இடையில் ஒரு கான்கிரீட் தளமும் இரண்டு செங்கல் சுவர்களும். 60 நிமிடத்திற்கான ஆன்லைன் மாதிரித் தேர்வில் நடுவில் மூன்று நிமிடம் இணைப்பு போனால், அன்றைய மதிப்பெண்ணுக்கு அர்த்தமே இல்லை. அதனால் தெரிந்த கடைக்காரர் ஒருவரை அழைத்து, வீட்டில் இருந்த பழைய ரூட்டரை மாடியில் மாட்டச் சொன்னார்கள். அவரும் கேபிள் இழுத்து, லேன் போர்ட்டில் செருகி, விளக்கு எரிவதைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு நாள் நன்றாக ஓடியது. அதன் பின்னர், "சித்தப்பா, சிக்னல் புல்லா காட்டுது, ஆனா நெட் வரல" என்று போன். அதைவிடப் பெரிய தொல்லை கீழே. ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருந்த அப்பா, வாரம் ஒருமுறை டாக்டரிடம் வீடியோ காலில் பேசுவார். அதுவரை ஒழுங்காக இருந்த அவருடைய போனிலும் இன்டர்நெட் நின்றுபோனது. மறுநாள் தானாக வந்தது. அடுத்த நாள் மீண்டும் இல்லை. இணைப்பு தரும் நிறுவனத்தின் மீது புகார் கொடுக்கலாம் என்று வீட்டில் பேச்சு.

நிறுவனத்தின் மீது தவறில்லை. ஒரு போன் வை-பையில் இணையும்போது, "எனக்கு ஒரு முகவரி வேண்டும்" என்று நெட்வொர்க் முழுவதற்கும் கேட்கும் வகையில் குரல் கொடுக்கிறது. இரண்டு ரூட்டர்களும் பதில் தருகின்றன. பெரும்பாலும் எது முந்துகிறதோ, அது கொடுத்த முகவரியைப் போன் ஏற்றுக்கொள்கிறது. மாடி ரூட்டர் முந்தினால், "வெளியே போக என்னிடம் வா" என்று தன் எண்ணையே கேட்வேயாகக் கொடுக்கும். ஆனால் மாடி ரூட்டருக்கு வெளி இணைப்பு கிடையாது. போதாக்குறைக்கு, அங்கே இரண்டு ரூட்டர்களுக்கும் 192.168.1.1 என்ற ஒரே எண். சிக்னல் முழுதாகத் தெரிகிறது, ஆனால் எந்தத் தளமும் திறப்பதில்லை. கீழ்த்தளத்தில் இருக்கும் போனுக்கும் கேபிள் வழியாக இதே பதில் வருவதால், அதுவும் சிக்கிக்கொள்கிறது.

ஒரு நாள் வந்து மறுநாள் வராததற்கும் காரணம் உண்டு. ரூட்டர் கொடுக்கும் முகவரி நிரந்தரம் அல்ல. சில ரூட்டர்களில் சில மணி நேரத்திற்கு, சிலவற்றில் ஒரு நாளைக்கு. காலம் முடிந்த பின்னரோ, வேறு இடத்தில் மீண்டும் இணையும்போதோ புதிய முகவரி கிடைக்கலாம். அந்த முறை எந்த ரூட்டர் முந்துகிறது என்பதே அன்றைய விதி.

இதனை உறுதி செய்வது எளிது. இரண்டாவது ரூட்டரின் மின் இணைப்பை எடுத்துவிட்டு, போனில் வை-பையை ஒருமுறை நிறுத்தி மீண்டும் இயக்கவும். கீழே எல்லாம் ஒழுங்காக இயங்கினால், குற்றவாளி வீட்டிற்குள்தான் இருக்கிறது.

வேலையைத் தொடங்கும் முன்

கேபிள்: கேட் 5இ அல்லது கேட் 6 வகை கேபிள் வாங்கவும். 100 மீட்டர் தூரம் வரை வினாடிக்கு 1 கிகாபிட் வேகம் தரும். வீட்டிற்கு இது தாராளம். விலை மிகவும் குறைவாக இருந்தால், உள்ளே இருப்பது அலுமினியத்தின் மீது செம்பு பூசிய கம்பியா எனக் கேட்கவும். முழுச் செம்புக் கம்பி உள்ளதையே வாங்க வேண்டும். வெளிச்சுவர் வழியே போவதாக இருந்தால், வெயில் தாங்கும் கேபிள் தேவை. மின்சார வயர் போகும் அதே குழாயில் இதனைச் செருகக் கூடாது.

ரூட்டர்: பழைய ரூட்டர்களில் லேன் போர்ட் வேகம் 100 மெகாபிட்தான். உங்கள் திட்டம் 50 மெகாபிட் எனில் கவலை இல்லை. 200 அல்லது 300 எனில், மாடியில் 100க்குள்தான் கிடைக்கும். டி.எஸ்.எல். காலத்து மோடம் ரூட்டரும் இந்த வேலைக்கு ஆகும். தொலைபேசி வயர் செருகும் போர்ட்டைக் காலியாக விட்டுவிட்டு, லேன் போர்ட்டை மட்டும் பயன்படுத்தலாம். ஆனால், வை-பை பாதுகாப்பில் 2004ல் அறிமுகமான டபிள்யூ.பி.ஏ.2 வசதியாவது அதில் இருக்க வேண்டும். டபிள்யூ.இ.பி. மட்டுமே உள்ள ரூட்டர் எனில் தயங்காமல் ஒதுக்கிவிடவும்.

அடாப்டர்: ரூட்டருடன் வந்த அடாப்டரையே பயன்படுத்தவும். சில ரூட்டர்கள் 9 வோல்ட், பல 12 வோல்ட். முனை பொருந்துகிறது என்பதற்காக மாற்றிச் செருகினால் ரூட்டர் பாழாகிவிடலாம்.

செட்டிங்ஸ் அமைக்கும் முறை

கீழே தரப்பட்டுள்ள வரிசையிலேயே செய்யவும். வரிசை மாறினால் பாதியில் ரூட்டரின் பக்கத்தைத் திறக்க முடியாமல் நிற்க நேரிடும். முதல் ரூட்டரை ஏ என்றும், மாடிக்குச் செல்லும் இரண்டாவது ரூட்டரை பி என்றும் வைத்துக்கொள்வோம்.

1. ஏ ரூட்டரின் எண்ணை அறிந்துகொள்ளவும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட் விண்டோவைத் திறந்து, ஐ.பி.கான்பிக் என்ற கட்டளையை ஆங்கிலத்தில் இடைவெளி இன்றி டைப் செய்து என்டர் தட்டவும். 'டிபால்ட் கேட்வே' என்ற வரியில் உள்ள எண்தான் அது. 192.168.1.1 எனக் கிடைத்ததாக வைத்துக்கொள்வோம். சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என இருக்கும்.

2. அந்த எண்ணை பிரவுசரில் டைப் செய்து ஏ ரூட்டரின் பக்கத்தைத் திறக்கவும். டி.எச்.சி.பி. பிரிவில், எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை முகவரிகள் வழங்கப்படுகின்றன என்று பார்க்கவும். 2 முதல் 254 வரை என்று இருந்தால், 100 முதல் 200 வரை என மாற்றி சேவ் செய்திடவும். வீட்டிற்கு நூறு முகவரிகள் போதும். 2 முதல் 99 வரை உள்ள எண்கள் இப்போது நம் கையில்.

3. பி ரூட்டரைத் தனியாக ஒரு மேஜையில் வைத்து இயக்கவும். பின்பக்கம் உள்ள சிறு துளையில் ஊசி போன்ற ஒன்றால் ரீசெட் பட்டனை பத்து விநாடிகள் வரை அழுத்தினால், பழைய செட்டிங்ஸ் எல்லாம் நீங்கிவிடும். இதற்கும் ஏ ரூட்டருக்கும் இடையே இன்னும் கேபிள் இணைக்க வேண்டாம்.

4. கம்ப்யூட்டரின் வை-பையை நிறுத்திவிட்டு, கேபிள் மூலம் பி ரூட்டரின் லேன் போர்ட்டில் இணைக்கவும். ரூட்டரின் அடியில் ஒட்டியுள்ள தாளில் அதன் எண், யூசர் பெயர், பாஸ்வேர்ட் இருக்கும். அவற்றைக் கொண்டு உள்ளே செல்லவும்.

5. 'லேன்' பிரிவில் பி ரூட்டரின் ஐ.பி. முகவரியை 192.168.1.2 என மாற்றி சேவ் செய்திடவும். ரூட்டர் ஒருமுறை நின்று இயங்கும். இனி அதன் பக்கத்தைத் திறக்க இந்தப் புதிய எண்ணைத்தான் டைப் செய்ய வேண்டும். கம்ப்யூட்டரில் கேபிளை ஒருமுறை எடுத்துச் செருகினால், புதிய முகவரியைப் பெற்றுக்கொள்ளும்.

6. வை-பை பெயர், பாஸ்வேர்ட் ஆகியவற்றை அமைக்கவும். அட்மின் பாஸ்வேர்டையும் புதிதாக மாற்றவும். டபிள்யூ.பி.எஸ். என்ற வசதி இருந்தால் நிறுத்திவிடவும்.

7. கடைசியாக, டி.எச்.சி.பி. சர்வரை 'டிசேபிள்' செய்து சேவ் செய்திடவும். ஐ.பி.வி.6க்குத் தனியாக டி.எச்.சி.பி. அமைப்பு இருந்தால் அதனையும் நிறுத்தவும். இதனை முதலிலேயே செய்துவிட்டால், கம்ப்யூட்டருக்கு முகவரி கொடுக்க ஆள் இல்லாமல் போய், மற்ற செட்டிங்ஸை மாற்ற முடியாது. அதற்காகத்தான் கடைசி இடம்.

8. இப்போது பி ரூட்டரை மாடியில் வைத்து, கீழிருந்து வரும் கேபிளை அதன் லேன் போர்ட் ஒன்றில் செருகவும். மறுமுனை ஏ ரூட்டரின் லேன் போர்ட்டில் இருக்க வேண்டும். 'வேன்' அல்லது 'இன்டர்நெட்' என்று எழுதப்பட்ட, பெரும்பாலும் நிறம் மாறியிருக்கும் போர்ட் காலியாகவே இருக்கட்டும்.

புதிய ரூட்டர்கள் பலவற்றில் 'அக்சஸ் பாயிண்ட் மோட்' என்றே ஒரு தேர்வு உள்ளது. அதனைத் தேர்ந்தெடுத்தால் மேலே கூறிய முகவரி வேலைகளை ரூட்டரே செய்துகொள்ளும். அந்த நிலையில் கேபிளை எந்த போர்ட்டில் செருக வேண்டும் என்பதை அதன் கையேட்டில் பார்த்துக்கொள்ளவும்.

ஒரு எச்சரிக்கை. இரண்டு ரூட்டர்களுக்கும் இடையே ஒரே ஒரு கேபிள்தான் இருக்க வேண்டும். வேகம் கூடும் என்று இரண்டாவது கேபிளும் போட்டால், தகவல்கள் வட்டமடித்துச் சுற்றி, நெட்வொர்க் முழுவதும் முடங்கிவிடும்.

வை-பை பெயரும் சேனலும்

இரண்டு ரூட்டர்களிலும் வை-பை பெயர், பாஸ்வேர்ட், பாதுகாப்பு வகை மூன்றையும் ஒன்றாக வைத்தால், மாடிப்படி ஏறும்போது போன் தானாக மாடி ரூட்டருக்கு மாறும். எப்போது மாறுவது என்பதைப் போன்தான் முடிவு செய்கிறது. சில போன்கள் மாடிக்கு வந்த பின்னரும் கீழே உள்ள பலவீனமான சிக்னலையே பிடித்துக்கொண்டிருக்கும். அப்படி இருந்தால் இரண்டு ரூட்டர்களுக்கும் வேறு வேறு பெயர் வைத்துவிடலாம். அண்ணன் வீட்டில் அப்பாவின் போனுக்கு ஒரே பெயர்தான் வசதி. எந்த அறைக்குப் போனாலும் அவர் எதையும் தொட வேண்டியதில்லை.

சேனல் மட்டும் ஒன்றாக இருக்கக் கூடாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஒன்றோடு ஒன்று மோதாத சேனல்கள் 1, 6, 11. கீழே 1 எனில் மாடியில் 6 அல்லது 11 வைக்கவும். சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ் போதும். 5 கிகாஹெர்ட்ஸ் வசதி இரண்டிலும் இருந்தால், அதற்கும் வேறு வேறு சேனல் தரவும். 5 கிகாஹெர்ட்ஸ் வேகம் கூடுதல். ஆனால் கான்கிரீட் தளத்தையும் சுவரையும் தாண்டுவதில் பலவீனம்.

சரிபார்ப்பது எப்படி?

மாடியில் ஒரு கம்ப்யூட்டரை இணைத்து, மீண்டும் ஐ.பி.கான்பிக் கட்டளை தரவும். முகவரி 192.168.1.100 முதல் 200க்குள் ஒன்றாகவும், டிபால்ட் கேட்வே 192.168.1.1 ஆகவும் இருக்க வேண்டும். கேட்வேயில் 192.168.1.2 எனத் தெரிந்தால், பி ரூட்டரின் டி.எச்.சி.பி. இன்னும் இயங்குகிறது என்று பொருள்.

முகவரி 169.254 எனத் தொடங்கினால், கம்ப்யூட்டருக்கு யாரிடமிருந்தும் முகவரி கிடைக்கவில்லை. தனக்குத் தானே ஒன்றை வைத்துக்கொண்டது. பெரும்பாலும் கேபிளின் முனையில் அல்லது போர்ட்டில் கோளாறு இருக்கும்.

பின்னர் பிரவுசரில் 192.168.1.2 எனத் தந்து, பி ரூட்டரின் பக்கம் திறக்கிறதா என்று பார்க்கவும். இந்த எண்ணை ஒரு சிறு தாளில் எழுதி ரூட்டரின் அடியில் ஒட்டி வைப்பது நல்லது. ஓராண்டு கழித்து யாருக்கும் நினைவிருக்காது.

வேன் போர்ட்டில் இணைத்தால் என்ன?

கீழிருந்து வரும் கேபிளை பி ரூட்டரின் வேன் போர்ட்டில் செருகினாலும் மாடியில் இன்டர்நெட் வரும். ஏ 192.168.1.1 ஆகவும், பி 192.168.2.1 ஆகவும் இருந்தால் எண்களும் மோதாது. பலர் இதனையே செய்து, வேலை முடிந்தது என நினைக்கிறார்கள். ஆனால் இப்போது வீட்டில் இரண்டு தனி நெட்வொர்க்குகள் உருவாகிவிட்டன. மாடியில் உள்ள பிரிண்டர் கீழே உள்ள கம்ப்யூட்டருக்குத் தெரியாது. போனிலிருந்து டி.வி.க்குப் படம் அனுப்ப, இரண்டும் ஒரே பக்கம் இருக்க வேண்டும். சில ஆன்லைன் விளையாட்டுகளும், வெளியூரிலிருந்து வீட்டுக் கேமராவைப் பார்க்கும் சில ஏற்பாடுகளும் தகராறு செய்யும்.

இந்த முறையை மாடியில் குடியிருப்பவருக்கு இணைப்பைப் பகிரப் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்கிறார்கள். இதில் ஒரு ஆபத்து உண்டு. பி ரூட்டருக்குப் பின்னால் இருப்பவர்களை ஏ பக்கம் இருப்பவர்கள் பார்க்க முடியாது. ஆனால் பி பக்கம் இருப்பவர்களால் ஏ பக்கத்தை எட்ட முடியும். அதாவது, குடியிருப்பவரின் பக்கத்திலிருந்து உங்கள் பிரிண்டரையும் கேமரா பெட்டியையும் தொட வழி இருக்கிறது. பாதுகாப்பு நீங்கள் நினைத்ததற்கு நேர் எதிராக அமைகிறது. விருந்தினருக்கு ஏ ரூட்டரில் உள்ள 'கெஸ்ட் நெட்வொர்க்' போதும். குடியிருப்பவர் தனி இணைப்பு எடுத்துக்கொள்வதே இருவருக்கும் நல்லது. உங்கள் பெயரில் உள்ள இணைப்பில் நடப்பதற்கு முதல் கேள்வி உங்களிடம்தான் வரும்.

கேபிள் இழுக்க முடியாவிட்டால்

வாடகை வீடுகளில் சுவரைத் துளையிட முடியாது. அப்போது ரிபீட்டர் எனப்படும் சிறு கருவியைப் பாதி வழியில் வைக்கலாம். சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் அதனை வைக்க வேண்டும். சிக்னல் இல்லாத அறைக்குள் வைத்தால் பயன் இல்லை. ஒரே அலைவரிசையில் வாங்கி, அதிலேயே திருப்பி அனுப்பும் ரிபீட்டரில் வேகம் ஏறக்குறைய பாதியாகும். மெஷ் எனப்படும் தொகுப்பு இதைவிட மேல், விலையும் கூடுதல். இருந்தாலும் ஒரு கேபிளின் நிதானம் இவற்றில் கிடைக்காது. தேர்வு எழுதவும், வீடியோ காலில் பேசவும் அந்த நிதானம்தான் தேவை.

மின்சாரத்தையும் மறக்க வேண்டாம்

கீழே ரூட்டரை இன்வெர்ட்டர் பாயிண்ட்டில் வைத்திருப்போம். மாடி ரூட்டரைக் கையில் கிடைத்த பிளக்கில் செருகியிருப்போம். மின்சாரம் போனவுடன் மாடியில் மட்டும் இணைப்பு நிற்கும். மாடி ரூட்டருக்கும் இன்வெர்ட்டர் பாயிண்ட் அல்லது ரூட்டர்களுக்கென விற்கப்படும் சிறு யு.பி.எஸ். ஒன்று தரவும். கேபிள் வெளிச்சுவர் வழியே போகிறது எனில், இடி மின்னல் நேரத்தில் அதனை இரு முனைகளிலும் கழற்றி வைப்பது நல்லது. லேன் போர்ட்கள் இப்படித்தான் பெரும்பாலும் பழுதாகின்றன.

அண்ணன் வீட்டில் புதிதாக எதுவும் வாங்கவில்லை. அதே ரூட்டர், அதே கேபிள். எண்ணை மாற்றி, டி.எச்.சி.பி.யை நிறுத்த அரை மணி நேரம் ஆனது. உங்கள் வீட்டிலும் மாடியில் சிக்னல் முழுதாக இருந்து இன்டர்நெட் வரவில்லை என்றால், புதிய ரூட்டர் வாங்கும் முன், வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்யும் முன், டிபால்ட் கேட்வே வரியில் என்ன எண் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடவும்.